ஏழு

பத்துக்கு ஏழு.
ஏழு என்றால் என்ன என்று
இதுவரை ஒருத்தரும் எனக்குச் சொன்னதில்லை.
பள்ளிக்கூடத்தில் எழுபதுக்கு பி தருவார்கள்,
அம்மா ஒன்றும் பேசாமல் தேத்தண்ணி தருவா.
வீடியோ கேமுக்கு ஏழு என்றால்
செத்த வீட்டுக்குப் போய்
"நல்ல மனுசன்" என்று சொல்லிவிட்டு வருகிற மாதிரி.

ஒன்று தொடக்கம் ஆறு வரை
யாரும் குடியேறாத மாடிகள்.
சனம் முழுக்க ஏழுக்கு மேலே நெருக்கியடிக்கிறது.
பிறகேன் ஐயா பத்து மாடி கட்டினீர்கள்?

சும்மா ஏசுகிறேன் என்று நினைக்க வேண்டாம்.
எனக்கும் அதே பிழைப்புத்தான்.
கொட்பே துறைமுகத்தில் விடிய நாலு மணிக்கு
சூரையின் செட்டைக்குக் கீழே ஊசி குத்தி,
பென்சில் தடிப்பில் சதை எடுத்து,
விரலிடையில் உரசிப் பார்ப்பேன்.
நிறம். கொழுப்பு. பிசுபிசுப்பு.
ஏ, பி, சி.
ஒரு மீனுக்குப் பன்னிரண்டு செக்கன்.

போன மாதம் ஒன்று வந்தது,
நூற்றுக்குத் தொண்ணூற்றாறு.
எழுபத்தெட்டு ஜிபி.
இரவு டேட்டாவில் ஐந்து நாள் இறங்கியது,
ஐந்தாம் நாள் உவர்மலை முழுக்கக் கரண்ட் போய்
ஆறாம் நாளும் இறங்கியது.
அந்த ஆறு நாளை யார் கழித்தார்கள்?
படம் என்னவோ பளிங்குதான்,
குதிரைக்கு வியர்க்கிறது.
எனக்கோ நாற்பதாவது மணித்தியாலத்திலும்
யாருக்கோ மூலிகை பறிக்கிற வேலை.
பகலில் மீன், இரவில் மூலிகை,
சம்பளம் பகலுக்கு மட்டும்.

பிறகுதான் றிஸ்மியின் கடையில்,
என்.சி. வீதியில், போன் கவர்களுக்குப் பின்னால்,
ஐந்தரை என்று ஸ்டிக்கர் ஒட்டிய பழைய டிஸ்க்.
கிழமைக்கு இருநூறு ரூபாய் வாடகை.
ஒரு ஆறு, இரண்டு கரை, நாங்கள் லோஞ்ச் ஓட்டி.
சுடுவதற்கு ஒருத்தரும் இல்லை.
"நோக்கம் தெளிவில்லை" என்று
யாரோ விமர்சகர் எழுதியிருந்தார்.
மூதூருக்கு லோஞ்சில் போய்வந்திருந்தால் கேட்டிருக்க மாட்டார்.
அக்கரை தெரிகிறதே, அது போதாதா?

அதில் ஒருத்தி தையல் மெஷினோடு ஏறுவாள்.
கதைக்க மாட்டாள்.
பதினோராவது தடவை
மெஷின் இல்லாமல் ஏறினாள்.
ஏன் என்று எழுத்தில் ஒன்றும் வரவில்லை.
லோஞ்ச் பாட்டுக்குப் போனது.
நான் கொன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டேன்.
இதை எந்தக் கட்டத்தில் போடுவது?
ஒலியா, ஒளியா, கட்டுப்பாடா,
திரும்ப விளையாடத் தகுமா என்பதிலா?

செவ்வாய் விடிய கிறகோரி அண்ணனின் மீன் வந்தது.
சதை மண்ணிறம்.
"இருபத்திரண்டு நாள் கடல், தங்கச்சி.
ஐஸ் உருகிப் போச்சு.
அதையும் கூட்டிப் போடு."
கூட்டிப் போட இடமில்லை அண்ணன்.
சி.
வாங்குகிறவனுக்கு நாக்கு மட்டும்தான்,
அவனுக்கு ஏன் இருபத்திரண்டு நாள்?
நான் போட்டது சரி.
சரியாய்ப் போட்டவளுக்கு
அன்று பகல் நித்திரை வரவில்லை.

டிஸ்க்கைத் திருப்பிக் கொடுக்கும்போது
"எத்தனை போடலாம்?" என்றான் றிஸ்மி.
பேனையை வாங்கி எழுதினேன்:
இடப்பக்கம் திருப்பினால் கமரா தண்ணிக்குள் போகும்.
சத்தம் கொஞ்சம் பிந்தி வரும்.
தையல் மெஷின்காரியைக் கவனியுங்கள்.
நான் இன்னும் முடிக்கவில்லை.

வாசித்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.
"இது ஸ்டிக்கருக்குள்ள நிக்காது, நிறோ."
கடைப்படியில் ஒரு மான்
பொலித்தீன் பையை முகர்ந்து பார்த்துவிட்டு
அப்பால் போனது.
விமர்சனம் முடிந்தது.

அடுத்த கிழமை போனால்
புது ஸ்டிக்கர், நீலப் பேனை: 7.
"ஏனடா?"
"அஞ்சரை போட்டா ஒருத்தரும் எடுக்கிறாங்க இல்ல.
ஒம்பது போட்டா சண்டைக்கு வருவாங்க."

அதுவும் ஒரு கணக்குத்தான்.
இருநூறு ரூபாயைக் கொடுத்து
திரும்பவும் எடுத்துக்கொண்டு வந்தேன்.
பன்னிரண்டாம் தடவை
அவள் ஏறுகிறாளா என்று பார்க்க வேண்டும்.